இயற்கை வள முதுமாணி: பணம் கட்டுமுன் மட்டத்தைக் கேளுங்கள்

பட்டமளிப்பு முடிந்த கையோடு பிள்ளைகள் கேட்பது இதுதான்: "கம்பஸ் படிப்பு இலவசம், முதுமாணியும் அப்படித்தானா?" இல்லை. 1945இல் தொடங்கிய இலவசக் கல்வி முதற்பட்டத்தோடு நின்றுவிடுகிறது. அரச பல்கலைக்கழகத்திலும் முதுமாணிக்குக் கட்டணம் உண்டு. அதனால் எதற்குக் கட்டுகிறோம் என்று தெரிந்துகொண்டு கட்ட வேண்டும்.

'இயற்கை வளப் பாதுகாப்பு' என்ற பெயரை மட்டும் தேடினால் பல கற்கைநெறிகள் கண்ணில் படாமல் போகும். சுற்றாடல் விஞ்ஞானம், வனவியல், நீர்வள முகாமைத்துவம் என்ற பெயர்களிலும் இதே துறை இருக்கிறது. கொழும்பில் இருந்துகொண்டே படிக்க விரும்புகிறவர்கள் கொழும்புப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தையும், நுகேகொடையில் உள்ள ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தின் வனவியல், சுற்றாடல் விஞ்ஞானத் துறையையும் முதலில் விசாரிக்கலாம். பேராதனைக்குப் போய்வர முடிந்தால் அங்கே விவசாயத்துக்கு ஒன்று, விஞ்ஞானத்துக்கு ஒன்று என இரண்டு பட்டப்பின் படிப்பு நிறுவனங்கள் உள்ளன.

சரி, இனி முக்கியமான விஷயம். நாட்டின் கல்வித் தகைமைகளை மட்டம் மட்டமாக வகுக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் முதுமாணி ஒன்றல்ல, இரண்டு. 9ஆம் மட்டம் என்பது 30 கிரெடிட் பாடநெறி. 10ஆம் மட்டம் 60 கிரெடிட். அதில் குறைந்தது 15 கிரெடிட் ஆய்வுக்குரியது. பாடங்களில் ஒரு கிரெடிட் என்றால் விரிவுரை, சொந்தப் படிப்பு எல்லாம் சேர்த்து 50 மணி நேர உழைப்பு. ஆய்வில் அது 100 மணி. இரண்டு மட்டத்தையும் மக்கள் 'எம்.எஸ்சி.' என்றுதான் சொல்கிறார்கள். பெயரை வைத்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

வெள்ளவத்தையில் எனக்குத் தெரிந்த ஒரு தங்கச்சி வேலைக்குப் போய்க்கொண்டே, சனி ஞாயிறு விரிவுரைக்கு ஓடி, நல்ல பெறுபேற்றோடு 30 கிரெடிட்டை முடித்தார். விரிவுரையாளர் ஆவதுதான் அவருடைய ஆசை. அரச பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக நிலைத்து மேலே போக, ஆய்வேடு உள்ள இரண்டு வருட முதுமாணி, அதாவது 10ஆம் மட்டம், கேட்பார்கள் என்பது அவருக்குப் பிறகுதான் தெரியவந்தது. சேரும்போது யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை. 9ஆம் மட்டத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. ஏற்கெனவே திணைக்களத்திலோ நிறுவனத்திலோ வேலை செய்து, அறிவை விரிக்க நினைப்பவருக்கு அது போதும். ஆய்வு, கலாநிதிப் பட்டம் என்று போகிறவர்கள் 10ஐ எடுங்கள். விண்ணப்பிக்குமுன், எத்தனையாம் மட்டம், எத்தனை கிரெடிட், ஆய்வேடு உண்டா என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பணத்துக்கு வழி? இந்திய அரசின் மௌலானா ஆசாத் புலமைப்பரிசில் இலங்கை மாணவர்கள் இந்தியாவில் முதுமாணி படிப்பதற்கானது. பொறியியல், விஞ்ஞானம், விவசாயத்துக்கு முன்னுரிமை என்பதால் நம் துறைக்குப் பொருந்தும். கொழும்பிலுள்ள இந்திய உயர் ஸ்தானிகராலயமும் நமது கல்வி அமைச்சும் அறிவிக்கும்போது கவனியுங்கள். அமெரிக்காவின் ஃபுல்பிரைட், பிரித்தானியாவின் செவனிங் புலமைப்பரிசில்கள் வழியாகவும் முதுமாணிக்குப் போகலாம். தேசிய விஞ்ஞான மன்றத்தின் உதவி பெரும்பாலும் ஆய்வுப் பட்டங்களுக்கானது.

வெளிநாட்டுப் பட்டம் என்றால், அந்தப் பல்கலைக்கழகத்தை நமது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்பதைச் சேருமுன்பே பாருங்கள். பொதுநலவாயப் பல்கலைக்கழகச் சங்கத்தின் பட்டியலையும் சர்வதேசப் பல்கலைக்கழகச் சங்கத்தின் பட்டியலையும் வைத்துத்தான் அவர்கள் பார்க்கிறார்கள். அலுவலகம் வார்ட் பிளேஸில். அரச ஊழியர்கள் திணைக்களத் தலைவரின் அனுமதியை முதலில் எடுக்க வேண்டும். சம்பளத்தோடு லீவில் வெளிநாடு போனால், திரும்பி வந்து குறித்த காலம் சேவை செய்வதாகப் பிணைமுறி எழுத வேண்டியிருக்கும்.

அப்புறம் களவேலை. ஈரநிலங்களைப் பாதுகாக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ், கொழும்பு 2018இல் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது. ஆய்வுக்குத் தலைப்புத் தேடி நெடுந்தூரம் போகத் தேவையில்லை, பஸ்ஸில் போகும் தூரத்திலேயே பெல்லன்வில-அத்திடிய ஈரநிலம் இருக்கிறது. ஆனால் அது சரணாலயம். அங்கே மாதிரி எடுக்க வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் எழுத்து அனுமதி வேண்டும். ஒதுக்குக் காடு என்றால் வனப் பாதுகாப்புத் திணைக்களத்திடம் கேட்க வேண்டும். இரண்டும் பத்தரமுல்லையில்தான். அனுமதி கிடைக்கக் காலம் எடுக்கும். ஆய்வு முன்மொழிவு ஒப்புதலானவுடனேயே மேற்பார்வையாளரின் கடிதத்தோடு விண்ணப்பியுங்கள். கடிதப் போக்குவரத்தைத் தமிழில் வைத்துக்கொள்ள விரும்பினால் தயங்க வேண்டாம். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடத்திலும் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு.