பிஸ்கட் அம்மாவிடம் நான் கேட்காமல் விட்டது

நேற்றுக் காலை ஒரு கல்லூரிப் பையன் இரண்டு மாத நாய்க்குட்டியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு என் கிளினிக்குக்கு வந்தான். குட்டிக்குப் பூச்சி மருந்து வேண்டுமாம். அவன் கையைப் பார்த்தேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கீறல், இரண்டு இடத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. வெறிநோய்த் தடுப்பூசி போட்டாயா என்று கேட்டேன். "குட்டிதானே சார், விளையாட்டுக்குக் கடிக்குது" என்றான். கொஞ்சம் சத்தமாகவே திட்டிவிட்டேன். பையன் நேராக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு, சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினான். எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று அவனுக்குத் தெரியாது.

எங்கள் பகுதிப் பிள்ளைகள் அவரை 'பிஸ்கட் அம்மா' என்பார்கள். எனக்கு அக்கா. என் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவர். தினமும் சாயங்காலம் குருணையும் கோழித்தலையும் மஞ்சள் போட்டு வேகவைத்து, பழைய பெயின்ட் வாளியில் எடுத்துக்கொண்டு நான்கு தெரு நடப்பார். பதினோரு நாய்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு, தடுப்பூசி அட்டை உண்டு. அட்டைகளை ஒரு மஞ்சள் துணிப்பையில் வைத்திருப்பார். வருடம் தவறாமல் ஆட்டோ பிடித்து இரண்டிரண்டாகக் கூட்டிவருவார். "டாக்டர் தம்பி, கருப்பிக்கு இன்னும் எட்டு நாள்ல ஊசி" என்று எனக்கே நினைவுபடுத்துவார்.

அத்தனை வருடத்தில் ஒருமுறைகூட நான் அவரிடம், "அக்கா, உங்களுக்குப் போட்டாச்சா?" என்று கேட்கவில்லை.

போன ஆடியில் சாக்கடை ஓரம் ஒரு குட்டி கிடந்திருக்கிறது. வாய் திறந்தபடி, எச்சில் வழிந்தபடி. குரைக்கவில்லை, உறுமவில்லை. தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று நினைத்து அக்கா விரலை விட்டுத் துழாவியிருக்கிறார். பாலாடையில் பால் கொடுத்துப் பார்த்திருக்கிறார், உள்ளே இறங்கவில்லை. இரண்டாம் நாள் குட்டி செத்துப்போக, முருங்கை மரத்தடியில் புதைத்திருக்கிறார். இதெல்லாம் பிறகு அவர் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அடுத்த வாரம் கிளினிக்குக்கு வந்தபோது ஆள்காட்டி விரலில் ஒரு கோடு இருந்தது. கேட்டேன். "தேங்காய் துருவும்போது பட்டுச்சு தம்பி" என்றார். நம்பினேன். ஏன் மறைத்தார் என்றும் மகள்தான் சொன்னாள். நாய் கடித்தது என்று வெளியே தெரிந்தால் தெருக்காரர்கள் புகார் கொடுத்து நாய்களைப் பிடித்துப் போகச் செய்துவிடுவார்கள் என்ற பயம். இரண்டு மாதம் கழித்து அந்த விரலில் குறுகுறுப்பு, கையெல்லாம் மரத்துப்போன மாதிரி. மருந்துக்கடையில் வலிக்கான களிம்பு வாங்கித் தேய்த்தார்கள். நான் போய்ப் பார்த்த அன்று மின்விசிறியை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தார். காபி டம்ளரை வாயருகே கொண்டுபோனதும் கழுத்து வெட்டி இழுத்தது. பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கட்டத்துக்குப் பிறகு மருந்து கிடையாது. நான்காம் நாள் போய்விட்டார்.

குட்டிக்கு வெறிநோய் வராது என்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ, தெரியவில்லை. படித்தவர்களும் சொல்கிறார்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வெறிபிடித்த நாய் ஒன்று தெருவில் வந்தால் பெரிய நாய்கள் ஓடித் தப்பிக்கும். ஓடத் தெரியாத குட்டிதான் எளிதில் கடிபடும். நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசியை மூன்று மாத வயதில்தான் தொடங்குகிறோம். அப்படியென்றால் தெருவிலேயே பாதுகாப்பு குறைந்த உயிர் அந்தக் குட்டிதான். பால் பல்லானாலும் எச்சிலில் கிருமி இருந்தால் போதும்.

'வெறிநோய்' என்ற பெயரே நம்மை ஏமாற்றுகிறது. நுரை தள்ளிக்கொண்டு விரட்டும் நாயை எதிர்பார்க்கிறோம். அமைதியாக மூலையில் படுத்து, தாடை தொங்கி, விழுங்க முடியாமல் கிடக்கும் வகையும் உண்டு. எலும்பு சிக்கியிருக்கிறது என்று கொண்டுவரும் நாயைப் பார்த்தால் நாங்கள் முதலில் கையுறையைத் தேடுவது அதனால்தான். மாட்டுக்கும் இப்படி வரும். கிழங்கு சிக்கியிருக்கும் என்று வாய்க்குள் கைவிட்டுப் பார்க்கும் விவசாயிகளே, தயவுசெய்து வேண்டாம். கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

கடியோ, நகக்கீறலோ, புண்ணில் நக்கியதோ, எதுவானாலும் குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காபித்தூள், மந்திரிப்பு எதுவும் வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்தம் வந்திருந்தாலோ, புண்ணிலோ வாய், கண்ணிலோ எச்சில் பட்டிருந்தாலோ தடுப்பூசி மட்டும் போதாது. காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினையும் கேட்டு வாங்குங்கள். தடுப்பூசி வேலை செய்ய ஆரம்பிக்கும்வரை காப்பாற்றுவது அதுதான். வீட்டு நாயானாலும் ஊசியைத் தொடங்கிவிட்டு, அப்புறம் நாயை 10 நாள் கவனியுங்கள். கவனித்துவிட்டுத் தொடங்கலாம் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். வலி நின்றது, வேலை இருக்கிறது என்று பாதியில் விடாதீர்கள்.

அக்காவுக்கு ஊசி என்றாலே சின்ன வயதில் அவர் அண்ணனுக்குத் தொப்புளைச் சுற்றிப் போட்ட 14 ஊசிதான் நினைவு. ஆட்டு மூளையிலிருந்து செய்த அந்த மருந்து 2004ஆம் ஆண்டோடு நம் நாட்டில் நின்றுவிட்டது. இப்போது அரசு மருத்துவமனைகளில் தோளில், தோலுக்குள் துளி மருந்து, முதல் ஊசி போடும் நாளை 0 என்று வைத்து 0, 3, 7, 28ஆம் நாட்களில். அவ்வளவுதான். காசும் கிடையாது.

தெரு நாய்களுக்குச் சோறு போடுகிறவர்களே, உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். கடிபடும் முன்பே போட்டுக்கொள்ளும் ஊசி இருக்கிறது. கால்நடை மருத்துவர்கள் நாங்கள் போட்டுக்கொள்வது அதைத்தான். அதற்கப்புறம் கடிபட்டாலும் இரண்டே ஊசி, இம்யூனோகுளோபுலின் தேவையில்லை. கடிபட்டதை மறைக்காதீர்கள். உங்கள் நாய்களுக்குத் தடுப்பூசி போட்ட அட்டை இருந்தால் புகார் சொல்பவரிடம் நானே வந்து பேசுகிறேன். நீங்கள் வளர்க்கும் குட்டியோ பார்த்துக்கொள்ளும் குட்டியோ திடீரென்று செத்தால் புதைக்கும் முன் ஒரு போன் பண்ணுங்கள்.

அம்மாவின் எச்சிலைத் துடைத்த மகளுக்கும், பக்கத்தில் இருந்தவர்களுக்கும் அன்றே ஊசி தொடங்கினோம். மகள் நான்கையும் போட்டு முடித்துவிட்டாள். இப்போது அதே வாளியோடு அவள்தான் போகிறாள். போன வாரம் கருப்பியைக் கூட்டிவந்தாள். மஞ்சள் பையைத் திறந்து அட்டையைத் தேடினாள். முதலில் கைக்கு வந்தது அவளுடைய சீட்டு. அதை மேசைமேல் வைத்துவிட்டு, கருப்பியின் அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினாள்.