‘குறு விவசாயி’: சொல்லும் பொருளும்

சொட்டுநீர்ப் பாசனத்துக்கு மானியம் கேட்டு விண்ணப்பித்தவர்களுக்கு வட்டாட்சியர் வழங்கும் ‘சிறு, குறு விவசாயி சான்றிதழ்’ நன்கு பழக்கமானது. அந்தச் சான்று உள்ளவர்களுக்குத் தமிழ்நாட்டில் 100 விழுக்காடு மானியம் கிடைக்கிறது. மற்றவர்களுக்கு 75 விழுக்காடு. நாடு முழுவதும் எடுக்கப்படும் வேளாண் கணக்கெடுப்பின் வரையறைப்படி, ஒரு ஹெக்டேருக்கும், அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கருக்கும் குறைவான நிலத்தில் பயிர் செய்பவர் குறு விவசாயி. அதற்கு மேல் இரண்டு ஹெக்டேர் வரை பயிர் செய்பவர் சிறு விவசாயி. பேச்சு வழக்கிலும் மேடையிலும் இந்த இரு பெயர்களும் ‘ஏழை விவசாயி’ என்பதற்கு மாற்றாகவே வழங்குகின்றன. அதே வேளையில், ‘சொந்தமாக நிலம் வைத்திருப்பவர் எப்படி ஏழையாவார்?’ என்ற கேள்வியும் நகரத்திலும் ஊரிலும் கேட்கப்படுகிறது. நியாயமான கேள்விதான் அது. ஆனால் அதற்கு விடை காணுமுன் இந்தச் சொல் எதை அளக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அரசு வழக்கில் ‘குறு விவசாயி’ என்பது ‘மார்ஜினல்’ விவசாயி என்ற ஆங்கிலப் பெயரின் தமிழாக்கம். நான்காம் ஐந்தாண்டுத் திட்டத்தின் (1969–74) காலத்தில், பசுமைப் புரட்சியின் பயன் பெரிய நிலக்காரர்களோடு நின்றுவிடாமல் கடனும் இடுபொருளும் கீழ்த்தட்டுக்கும் சென்று சேர வேண்டும் என்பதற்காகச் சிறு விவசாயிகளுக்கு ஒரு முகமையும், குறு விவசாயிகளுக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கும் இன்னொரு முகமையும் தொடங்கப்பட்டன. 1970–71இல் நடந்த முதல் வேளாண் கணக்கெடுப்பு அந்தப் பிரிவுகளுக்குப் புள்ளிவிவர வடிவம் கொடுத்தது. ‘மார்ஜின்’ என்பது விளிம்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலப் பொருளியலாளர் டேவிட் ரிக்கார்டோவின் வழிவந்த பொருளியலில் விளிம்பு நிலம் என்பது, விளைச்சல் செலவுக்கு மட்டுமே கட்டும், நிலவாடகைக்கு எதையும் மிச்சம் வைக்காத நிலம். அங்கே பார்க்கப்பட்டது விளைவுக்கும் செலவுக்கும் உள்ள உறவு. கணக்கெடுப்புக்குள் வந்தபோது அந்தப் பொருள் கழன்று, பரப்பளவு மட்டும் நின்றுவிட்டது. தமிழில் இட்ட ‘குறு’வும் குறுமை, குறுகு, குறுநில மன்னர், குறுவைப் பட்டம் ஆகியவற்றில் உள்ள அதே அடிச்சொல்தான், அளவில் சிறியது, காலத்தில் குறுகியது என்பதே அதன் பொருள். ஆகவே ‘குறு விவசாயி’ என்ற தமிழ்ச்சொல் அரசின் வரையறைக்கு நேர்மையானது. வறுமை அதன் பொருளில் எங்கும் இல்லை; நாம்தான் அதை ஏற்றிச் சொல்கிறோம்.

‘விவசாயி’ என்ற பின்பாதி ‘வியவசாயம்’ என்ற வடசொல்லின் வழி வந்தது. முயற்சி, உறுதிப்பாடு என்பன அதன் பழைய பொருள்கள். மலையாளத்தில் இதே சொல் தொழில்துறையைக் குறிக்க, தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் பயிர்த்தொழிலைக் குறித்து நிலைத்துவிட்டது. தமிழின் சொந்தச் சொல் உழவர். உழுபவர் என்னும் செயலைச் சொல்லும் பெயர் அது. நிலம் யாருடையது என்பதை அது சொல்வதில்லை. உடைமையைச் சொல்லப் பழந்தமிழில் வேறு சொல் இருந்தது: கிழவன், கிழார். கிழமை என்றால் உரிமை. ‘செல்லான் கிழவன் இருப்பின் நிலம்புலந்து இல்லாளின் ஊடி விடும்’ என்ற குறளில் வரும் கிழவன் நிலத்துக்கு உரியவன்தான், முதியவன் அல்லன். உழுபவரையும் உடையவரையும் தனித்தனியே சொன்ன மொழி இன்று இருவரையும் ‘விவசாயி’ என்ற ஒரே பெயரில் அடக்குகிறது. சிறு நில உடைமையாளர் ஏழையா என்ற வாதத்தில் பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது என்பது என் கருத்து.

‘ஏழை’ என்ற சொல்லும் இன்றைய பொருளோடு பிறந்ததன்று. ‘ஏமுற் றவரினும் ஏழை’ என்று வள்ளுவர் சொல்லும்போது, பித்துப் பிடித்தவரைக் காட்டிலும் அறிவற்றவர் என்றே பொருள். பொருள் இல்லாமையைச் சொல்ல அவர் ஆண்ட சொற்கள் நல்குரவு, இன்மை, இலம் என்பன. உழவு அதிகாரத்தை அடுத்து வருவதே நல்குரவு அதிகாரம். உழவு அதிகாரத்தின் கடைசிக் குறளோ ‘இலமென்று அசைஇ இருப்பாரைக் காணின் நிலமென்னும் நல்லாள் நகும்.’ எம்மிடம் ஒன்றுமில்லை என்று சோம்பி இருப்பவரைப் பார்த்து நிலமகள் சிரிப்பாள் என்ற இந்தக் குறளை, நிலம் உள்ளவர் ஏழையாக முடியாது என்பதற்குச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. அங்கே ‘அசைஇ’ என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது. குறள் இடித்துரைப்பது உழைக்காமல் இருப்பவரை. விடியுமுன் மடை திறக்கப் போய், நாள் முழுதும் வயலில் நின்றும் கடனில் இருக்கும் குடும்பத்தைப் பற்றி அந்தக் குறள் எதுவும் சொல்லவில்லை.

அப்படி ஒரு குடும்பத்தின் கணக்கைப் பார்க்கலாம். 2024–25 கொள்முதல் பருவத்தில் தமிழ்நாட்டில் பொது ரக நெல்லுக்கு ஊக்கத்தொகையோடு குவிண்டாலுக்கு 2,405 ரூபாய் விலை. ஏக்கருக்கு 60 கிலோ மூட்டையில் 40 மூட்டை கண்டால் 24 குவிண்டால், 57,720 ரூபாய். இது நல்ல விளைச்சல். உழவு, நாற்று, நடவுக் கூலி, உரம், மருந்து, அறுவடை எந்திர வாடகை எல்லாம் போக ஏக்கருக்கு 20,000 ரூபாய் மிஞ்சியதாக வைத்துக்கொண்டாலும், இரண்டரை ஏக்கருக்கு ஒரு போகத்தில் 50,000. மேட்டூரில் காலத்தே தண்ணீர் திறந்து, குறுவையும் அதை அடுத்து வரும் தாளடியும் இரண்டுமே பழுதில்லாமல் வீடு வந்து சேர்ந்தால் ஆண்டுக்கு ஒரு லட்சம். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 8,333 ரூபாய். தலைக்கு 1,700 ரூபாய்கூட இல்லை. குடும்பத்தாரின் சொந்த உழைப்புக்குக் கூலி போடாமலே வரும் கணக்கு இது. அறுவடை நேரத்தில் மழை பிடித்து, கொள்முதல் நிலைய வாசலில் நெல் நனைந்து ஈரப்பதம் ஏறிவிட்டால் இதுவும் கைக்கு வராது.

2018–19ஆம் ஆண்டுக்கான தேசிய மாதிரி ஆய்வின் 77ஆம் சுற்று இதையே வேறு வழியில் காட்டுகிறது. இந்தியாவில் ஒரு வேளாண் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் பயிரிலிருந்து வந்தது 3,798 ரூபாய், கூலியிலிருந்தும் சம்பளத்திலிருந்தும் வந்தது 4,063 ரூபாய். வேளாண் குடும்பம் என்று பெயர் பெற்றிருந்தும் வயலைவிடக் கூலியே அதிகம் தருகிறது. நிலத்தின் சந்தை விலை பெரிதாக இருக்கலாம். புறவழிச்சாலையை ஒட்டிய ஓர் ஏக்கர் கோடிக்குப் போகலாம். ஆனால் அதை விற்றால்தான் அந்தப் பணம். விற்ற மறுநாள் அந்தக் குடும்பத்துக்கு வயல் இல்லை. உடைமை இருந்தும் வருமானம் இல்லாத இந்த நிலையும் வறுமைதான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் இதை எல்லாக் குறு விவசாயிகளுக்கும் பொதுவாக்கவும் முடியாது. பொள்ளாச்சியில் கிணறும் காய்ப்பும் உள்ள இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பும், இராமநாதபுரத்தில் வானம் பார்த்த இரண்டு ஏக்கரும் கணக்கெடுப்பில் ஒரே கட்டத்தில் விழுகின்றன. நில உச்சவரம்புச் சட்டம் இந்த விஷயத்தில் கூடுதல் கவனம் காட்டியது. 1961இல் 30 ஆகவும் 1970இல் 15 ஆகவும் அது வைத்த வரம்பு வெறும் ஏக்கரில் இல்லை, ‘தர ஏக்கர்’ என்ற அலகில் இருந்தது. நன்செய்யா புன்செய்யா, தீர்வை என்னும் நிலவரி எவ்வளவு என்பதைப் பொறுத்து அதன் பரப்பு மாறும். பெரிய நிலக்காரரின் நிலத்தை எடுக்கும்போது தரம் பார்த்த அரசு, சிறியவரை வகைப்படுத்தும் கணக்கெடுப்பில் பரப்பை மட்டும் பார்க்கிறது.

2016இல் தமிழ்நாடு அரசு சிறு, குறு விவசாயிகளின் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தபோது, ஐந்து ஏக்கருக்கு மேற்பட்டவர்களுக்கும் அதை நீட்டிக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2017இல் ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் 2021 நவம்பரில் அந்த ஆணையை நீக்கியது. நிலம் குறைந்தவர்களே வறுமைக்கும் பயிர் இழப்புக்கும் அதிகம் ஆளாகிறார்கள் என்பதால் அந்தப் பிரிவினை செல்லும் என்பது அதன் நிலைப்பாடு. ஒரு பிரிவாரைப் பற்றிய பொது உண்மையாக அது சரியானதே. அந்தப் பிரிவுக்குள் வரும் ஒவ்வொருவரும் ஏழை என்று தீர்ப்பு சொன்னதாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

இந்தப் பெயருக்கு வெளியே நிற்பவர்களைச் சொல்லாமல் விட்டால் இந்த விளக்கம் நேர்மையாகாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சாகுபடியாளர்கள் ஏறத்தாழ 42 லட்சம் பேர். விவசாயத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 96 லட்சம் பேர். பிறர் நிலத்தில் கூலிக்கு உழைக்கும் அந்த 96 லட்சம் பேரை ‘ஏழை விவசாயி’ என்ற பேச்சு தொடுவதே இல்லை. விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்கும் குத்தகைக்கும் உழுபவரின் நிலையும் ஏறத்தாழ அதுதான். வாய்மொழிக் குத்தகையில் பட்டாவும் சிட்டாவும் நில உரிமையாளர் பெயரில் இருக்க, ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் ஒன்றிய அரசின் உழவர் உதவித்தொகை, உழுபவருக்கு வராது. தாத்தா பெயரிலேயே நிற்கும் பட்டாவையோ பிரிக்கப்படாத கூட்டுப் பட்டாவையோ வைத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக நடக்கும் சொந்தக்காரருக்கும் அதே தடைதான்.

ஆகவே தமிழில் எழுதுவோர் பரப்பைக் குறிக்கும்போது ‘குறுநில உழவர்’, ‘சிறுநில உழவர்’ என்று எழுதலாம். ‘நில’ என்ற சொல் இடையில் வந்ததும் சிறியது நிலம்தான், மனிதர் அல்லர் என்பது தெளிவாகிவிடும். உழவர் சந்தை, உழவர் நலத்துறை என்று அரசே ஆளும் சொல்லோடும் அது பொருந்தும். நிலம் இருந்தும் உழாதவரைச் சிறுநில உடைமையாளர் என்றும், பிறர் நிலத்தில் உழுபவரைக் குத்தகை உழவர் என்றும் பிரித்துச் சொல்ல வேண்டும். ‘வறிய உழவர்’ என்ற பெயரை நீர், பட்டா, கடன், கைக்கு வரும் மிச்சம் ஆகியவற்றைப் பார்த்த பிறகே ஒருவருக்குச் சொல்லலாம். அப்படிப் பார்த்தால் குறுநில உழவர்களில் மிகப் பலருக்கும், குத்தகை உழவர்களில் அவர்களினும் கூடுதலானோருக்கும் அந்தப் பெயர் பொருந்தும்.