சிவப்பு மறைந்த பின்னும் இருக்கும் பூஞ்சை

தொடையிடுக்கிலும் இடுப்பிலும் வட்டம் வட்டமாகப் படரும் படையில் கண்ணுக்குத் தெரியும் சிவப்பை உண்டாக்குவது நம் உடலின் எதிர்ப்பு சக்தி. பூஞ்சை இருப்பது தோலின் மேலே, உயிரற்ற செல்கள் அடுக்கிக் கிடக்கும் பகுதியில். அங்குள்ள கெரட்டின் என்னும் புரதத்தைத் தின்று அது வளர்கிறது. அதிலிருந்து கசியும் பொருள்களைக் கண்டுகொண்டு வெள்ளையணுக்கள் திரளும்போதுதான் சிவப்பும் அரிப்பும் வருகின்றன. ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவினால் இந்த எதிர்ப்பு அடங்கிவிடும். இரண்டு மூன்று நாளில் அரிப்பு நிற்கும், சிவப்பு வெளுக்கும். பூஞ்சையைத் தடுக்கத்தான் ஆள் இருக்காது. அப்படிப்பட்ட தோலைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், மருந்தே போடாதவரிடம் காண்பதைவிட அதிகமான பூஞ்சை இழைகள் தெரிவதுண்டு.

குமரி மாவட்டத்தில் இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்யும் மண் இது. ஜூன் முதல் டிசம்பர் வரை துணி சரியாகக் காயாத நாட்கள் வந்துகொண்டே இருக்கும். குலசேகரம், அருமனை பக்கம் விடியுமுன்னே ரப்பர் பால் வெட்டப் போகிறவர், குளச்சலிலும் முட்டத்திலும் ஈர உடையோடு மணிக்கணக்கில் கடலில் நிற்கிறவர், தோவாளையில் நனைந்த பூவோடு புழங்குகிறவர் என எல்லாருக்கும் உள்ளாடை தோலோடு ஒட்டும் இடமே பூஞ்சைக்கு வசதியான இடம்.

மருந்துக்கடையில் போய் 'படைக்கு ஒரு ட்யூப்' என்று கேட்டால் பல வேளைகளில் கைக்கு வருவது பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து, ஸ்டீராய்டு மூன்றும் கலந்த களிம்பு. ட்யூபில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் பெயர்களைப் படித்துப் பாருங்கள். க்ளோபெட்டாசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டாசோன் இவற்றில் ஒன்று இருந்தால் அதில் ஸ்டீராய்டு இருக்கிறது. மத்திய அரசு 2018லேயே ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத மருந்துகளின் பட்டியலில் கொண்டுவந்துவிட்டது. சட்டம் இருக்கிறது, கேட்டு வாங்கும் பழக்கமும் கூடவே இருக்கிறது.

போதாததற்கு, பூஞ்சையும் மாறிவிட்டது. இந்தியாவில் பரவிய ஒரு வகைக்கு 2020ல் டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று தனிப்பெயர் கொடுத்தார்கள். வழக்கமாகக் கொடுக்கும் டெர்பினஃபைன் மாத்திரை இதில் பலரிடம் வேலை செய்வதில்லை. அந்த மருந்து போய்த் தடுக்க வேண்டிய நொதியின் மரபணுவிலேயே மாற்றம் இருப்பதுதான் காரணம். ஆகவே ஒவ்வொரு ட்யூபாக மாற்றிப் பார்ப்பதைவிட, முதல் ட்யூபுக்கு முன்பே ஒரு முறை தோலைச் சுரண்டிப் பார்ப்பது மேல்.

அந்தப் பரிசோதனைக்குப் பெயர் கே.ஓ.எச். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் தோல் செல்களைக் கரைத்துவிடும். பூஞ்சையின் உறுதியான சுவர் கரையாமல் நிற்கும். தோலுக்கு 10 சதவீதக் கரைசல் போதும், 10 முதல் 20 நிமிடத்தில் பார்த்துவிடலாம். நகத்துக்கு 20 முதல் 40 சதவீதம் வேண்டும், சில மணி நேரம் ஊற வேண்டும். இத்தனை எளிய பரிசோதனை தவறிப்போவது பெரும்பாலும் மாதிரி எடுக்கும் இடத்தில். படையின் நடுப்பகுதி ஆறியதுபோல் இருக்கும். அங்கே சுரண்டினால் ஒன்றும் கிடைக்காது. ஓரத்தில் தடித்துச் செதில் உரியும் இடத்தில், உள்ளிருந்து வெளிப்பக்கமாகச் சுரண்ட வேண்டும். அதற்கு முன் 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்து உலர விட வேண்டும். தடவிய எண்ணெயும் பவுடரும் ஸ்லைடில் சேர்ந்தால் எதுவும் தெளிவாகத் தெரியாது. நகத்தில் நுனியை வெட்டிக் கொடுப்பது வீண். மேலே உதிரும் பொடியைக் களைந்துவிட்டு, நகத்துக்கு அடியில் ஆழத்தில் இருக்கும் மாவு போன்ற பொருளை எடுக்க வேண்டும். குழந்தையின் தலையில் முடி உதிர்ந்த திட்டு என்றால் முடியை வேரோடு பிடுங்க வேண்டும், கத்தரிக்கக் கூடாது. பஞ்சுக்குச்சியால் தடவி அனுப்பும் மாதிரி தோலுக்கும் நகத்துக்கும் உதவாது.

சுரண்டியதை மடித்த கறுப்புக் காகிதத்தில் உலர்வாக அனுப்புவதே நல்லது. ஈரமான குப்பியில் அடைத்தால் பாக்டீரியா பெருகி, பூஞ்சையை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரைக் கெடுக்கும். ஸ்லைடைச் சூடாக்கும்போது கொதிக்க விட்டால் கரைசல் படிகமாகி, இழை எது படிகம் எது என்று தெரியாமல் போகும். செல்களின் விளிம்புகள் வலைபோலத் தெரிவதைப் பூஞ்சை என்று எழுதிவிடுவதும், பஞ்சு நூலைப் பூஞ்சை என்று எண்ணுவதும் அடிக்கடி நடக்கும் பிழைகள். உண்மையான இழை ஒரே சீரான தடிமனில், குறுக்குச் சுவர்களோடு, செல்களின் எல்லையை மதிக்காமல் குறுக்கே ஓடும், கிளைக்கும். மைக்ரோஸ்கோப்பில் ஒளியைக் குவிக்கும் கண்டென்சரைக் கொஞ்சம் இறக்கி வைத்து முதலில் 10X, பிறகு 40X என்று பார்த்தால் பிடிபடும்.

நோயாளி செய்ய வேண்டியது ஒன்றே. பரிசோதனைக்கு முன் ஒன்றிரண்டு வாரமாவது பூஞ்சைக் களிம்பை நிறுத்தியிருக்க வேண்டும். முடியாதென்றால் எதை, எத்தனை நாள் தடவினோம் என்று ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 'நெகட்டிவ்' என்ற ஒற்றைச் சொல் நேற்று வரை களிம்பு போட்டவரிடம் பெரிதாக எதையும் சொல்லாது. சிகிச்சை தொடங்கிய பின் தோல் தெளிந்ததும் நிறுத்திவிடாமல் மருத்துவர் சொன்ன நாள் வரை தொடருங்கள். திட்டின் விளிம்பையும் தாண்டி இரண்டு விரல் அகலம் தடவுங்கள். வீட்டில் சொறிகிற எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை வேண்டும். வெயில் தலைகாட்டாத மாதங்களில் உள்ளாடையைச் சுடுநீரில் துவைத்து, தையலும் இடுப்புப் பட்டையும் சூடாகும்படி இஸ்திரி போட்டு உடுத்துங்கள்.

கண்ணில் நேரும் பூஞ்சைக்கு இத்தனை நாள் அவகாசம் கிடையாது. கன்னிப்பூ, கும்பப்பூ அறுவடையில் நெல் தாள் கண்ணில் கீறுவதும், தென்னை ஓலை தட்டுவதும், ரப்பர் பட்டை சீவும்போது தூள் விழுவதும் இங்கே சாதாரணம். தென்னிந்தியாவில் இப்படிக் கருவிழியில் வரும் புண்ணில் ஃபியுசேரியம் என்னும் பூஞ்சை முன்னணியில் நிற்கிறது. இலைச்சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதையும் விடாதீர்கள். வீட்டில் மிச்சமிருக்கும் கண் சொட்டு மருந்தையும் விடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் முதல் நாள் சிவப்பு குறையும், பூஞ்சை உள்ளே இறங்கும். கண் மருத்துவர் மரப்புச் சொட்டு விட்டு, புண்ணின் ஓரத்தைச் சுரண்டி, அதே கே.ஓ.எச். ஸ்லைடில் அன்றே பார்த்துவிடலாம். நேட்டமைசின் 5 சதவீதச் சொட்டுதான் இதற்கு முதல் மருந்து. அரவிந்த் கண் மருத்துவமனைகளில் நடந்து 2013ல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், குறிப்பாக ஃபியுசேரியத்தில், வொரிகோனசோல் என்னும் இன்னொரு பூஞ்சை மருந்தைவிட இதுவே நன்றாக வேலை செய்தது. ஆனால் இது கருவிழிக்குள் ஆழமாக ஊடுருவாது. புண் மேலோட்டமாக இருக்கும்போதே தொடங்கினால்தான் பலன். மருந்து அடியில் தங்கிவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் குப்பியை நன்றாகக் குலுக்க வேண்டும்.

உடலுக்குள் போகும் பூஞ்சைகளில், எந்தப் பரிசோதனை என்பதை நோயாளியின் எதிர்ப்பு சக்தியே முடிவு செய்கிறது. ரத்தத்தில் ஆன்டிபாடியை, அதாவது கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் புரதத்தை, தேடும் பரிசோதனைக்கு, அந்த ஆன்டிபாடியை உருவாக்கும் அளவுக்கு உடல் நன்றாக இருக்க வேண்டும். டி.பி. ஆறிய நுரையீரலில் மிஞ்சிய குழிக்குள் அஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சை வளர்ந்து, மாதக்கணக்கில் இருமலும் சளியில் ரத்தமும் வருபவரிடம் எதிர்ப்பு சக்தி பொதுவாக நன்றாகவே இருக்கும். அவருக்கு அந்த ஆன்டிபாடியைத் தேடும் அஸ்பெர்ஜில்லஸ் ஐஜிஜி சரியான பரிசோதனை. சளியில் டி.பி. கிருமி இல்லை என்று வந்த பிறகும் மறுபடி டி.பி. மாத்திரை தொடங்குமுன் அதைக் கேட்டுப் பார்க்க வேண்டும். கீமோதெரபியில் வெள்ளையணு குறைந்தவரிடமோ அதே பூஞ்சைக்கு ஆன்டிபாடி தேடிப் பயனில்லை. பூஞ்சை உதிர்க்கும் காலக்டோமன்னான் என்னும் ஆன்டிஜனைத் தேட வேண்டும்.

ஹெச்.ஐ.வி. உள்ளவர்களில் மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் கிரிப்டோகாக்கஸ் என்னும் பூஞ்சைக்கும் அப்படித்தான். அதன் ஆன்டிஜன், தலைவலி தொடங்கச் சில வாரங்கள் முன்பே ரத்தத்தில் வந்துவிடும். எதிர்ப்பு சக்தியைக் காட்டும் சிடி4 வெள்ளையணு எண்ணிக்கை 100க்குக் கீழ் உள்ளவர்களுக்கு அறிகுறி இல்லாவிட்டாலும் இதைப் பார்க்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 200க்குக் கீழ் உள்ளவர்களுக்கும் பார்க்கலாம். பரவலாகப் பயன்படும் பட்டைச் சோதனையில் ஒரு சொட்டு நீர்ப்புக் கரைசல், 40 மைக்ரோலிட்டர் சீரம் (ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீர்), பட்டையை நிறுத்தி 10 நிமிடம். இரண்டு கோடு என்றால் பாசிட்டிவ், இரண்டாவது கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும். கட்டுப்பாட்டுக் கோடு வரவில்லை என்றால் அந்தப் பட்டை செல்லாது, திரும்பச் செய்ய வேண்டும். கோடு இல்லை, நோயாளியோ மோசமாக இருக்கிறார் என்றால் மாதிரியை நீர்த்து மறுபடி பாருங்கள். ஆன்டிஜன் மிதமிஞ்சி இருக்கும்போதும் கோடு விழாமல் போகும்.

கறுப்புப் பூஞ்சை என்று 2021ல் ஊரெல்லாம் அறிந்த மியூக்கருக்கு இப்படி அன்றாடப் பயன்பாட்டில் உள்ள பட்டைச் சோதனை இல்லை. பல பூஞ்சைகளைக் காட்டிக்கொடுக்கும் பீட்டா டி குளுக்கான், காலக்டோமன்னான் இரண்டும் இதில் நெகட்டிவாகவே வரும். அதைப் பார்த்துப் பூஞ்சை இல்லை என்று இருந்துவிடக் கூடாது. சுகர் கட்டுக்கடங்காமல் ஏறியவர், ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர் முகத்தில் ஒரு பக்கம் வலி, மரமரப்பு, மூக்கில் ரத்தம் கலந்த நீர், மேல் பல் ஆடுதல், இமை தொங்குதல், பார்வை இரண்டாகத் தெரிதல் என்று வந்தால் அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும். கறுப்பு நிறம் வரும்வரை காத்திருப்பது தவறு. ரத்தக்குழாய் அடைபட்டுத் திசு செத்த பிறகுதான் அந்த நிறம் வருகிறது. உள்ளிருந்து எடுக்கும் திசுவில் ஒரு துண்டு ஃபார்மலினில் பயாப்சிக்கும், இன்னொரு துண்டு கிருமி நீக்கிய சலைனில் மைக்ரோபயாலஜிக்கும் போக வேண்டும். எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கல்ச்சர் செய்ய வழியில்லை. சலைனில் வந்த துண்டை அரைக்கவும் கூடாது. இந்த இழைகளில் குறுக்குச் சுவர் குறைவு, நசுங்கினால் உயிர் போய்விடும். சிறிதாக நறுக்கி கே.ஓ.எச். போட்டால், அகன்று, நாடாபோல் மடங்கி, ஏறத்தாழச் செங்கோணத்தில் கிளைக்கும் இழைகள் அரை மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். அந்த முடிவை ரிப்போர்ட் அச்சாகும்வரை வைத்திருக்காமல் உடனே அறுவை மருத்துவருக்குப் போனில் சொல்லிவிட வேண்டும்.