கன்னியா வெந்நீரும் ஒரு திருவுளச்சீட்டும்

திருகோணமலை உப்புவெளி வாசகர் ஒருவர் கேட்கிறார்: "அம்மாவுக்கு முழங்கால் வலி. கன்னியா வெந்நீரூற்றில் ஒரு கிழமை குளித்தார். இப்போது கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில் வரை ஏற்றத்தில் நடந்தே போகிறார். இதையும் மூடநம்பிக்கை என்பீர்களா?"

சொல்லமாட்டேன். அம்மா நடப்பது உண்மை; நடக்க வைத்தது ஊற்று நீர்தானா என்பதுதான் வழக்கு.

பள்ளிக்கூடக் கணக்கில் குளியல் சாரா மாறி (நாம் மாற்றிப் பார்ப்பது), வலி சார்ந்த மாறி (அதனால் மாறுகிறதா என்று பார்ப்பது). ஆனால் மூட்டுவலி தானாகவே ஏறி இறங்கும். தாங்க முடியாத நாளில்தான் ஊற்றைத் தேடிப் போகிறோம். அதன்பின் வலி இறங்குவது இயல்பு. ஆகவே ஒப்பிட்டுப் பார்க்கக் குளிக்காதவர்களும் வேண்டும்.

சிக்கலே அங்குதான். குளிக்கப் போனவர் யார்? எழுந்து நடக்கக்கூடியவர், ஓட்டோவுக்குக் காசுள்ளவர், கூட்டிப்போக மகளோ மருமகனோ வாய்த்தவர். போகாதவரில் பலர் கட்டிலோடு கிடப்பவர்கள். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் வெறும் பச்சைத் தண்ணீர் ஊறினாலும் போனவர்களே நலமாகத் தெரிவார்கள். குளியலையும் வலியையும் ஒருசேர இழுக்கும் இந்த மூன்றாம் ஆளுக்குக் குழப்பும் மாறி என்று பெயர். வயதையும் வசதியையும் அளந்து கணக்கில் கழித்துவிடலாம். நம் புத்திக்கே எட்டாத மாறிகளை எப்படிக் கழிப்பது?

திருவுளச்சீட்டுப் போட்டுத்தான். பிரதேச சபையில் வாக்குகள் சமமானால் தவிசாளரைத் தெரிவுசெய்வார்களே, அதே சீட்டு. வலியுள்ள 80 பேரின் பெயரை எழுதிக் குலுக்கி, 40 பேரைக் கன்னியாவுக்கு அனுப்புங்கள். யாரிடம் காசு இருக்கிறது, யாருக்கு எலும்பு தேய்ந்திருக்கிறது, ஊற்றை இராவணன் உண்டாக்கினான் என்ற கதையை யார் மனதார நம்புகிறார் என்பதொன்றும் சீட்டுக்குத் தெரியாது. தெரியாததால்தான் அவற்றுக்கும் குளியலுக்கும் இருந்த தொடர்பு அறுந்துபோகிறது. நாம் இன்னும் பெயரே வைக்காத மாறிகூட இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாகப் பிரிந்துவிடும். எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இது வியப்புத்தான்: நமக்குத் தெரியாததைச் சமாளிக்க, எதுவுமே தெரியாத ஒரு துண்டுக் காகிதம்! பத்தே பேரென்றால் ஒருபக்கம் சாயக்கூடும். ஆட்கள் கூடக்கூடச் சாய்வு குறையும்.

1948இல் வெளியான பிரித்தானியக் காசநோய் ஆய்வு இப்படி நடந்ததுதான். ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து எல்லோருக்கும் போதாத காலம். புள்ளியியலாளர் பிராட்ஃபோர்ட் ஹில், எழுமாற்று எண்களின்படி, அதாவது சீட்டுக் குலுக்கியதுபோல் வந்த எண்களின்படி, யாருக்கு மருந்து என்ற தீர்ப்பை எழுதி உறைகளில் மூடிவைத்தார். வைத்தியர் தனக்கு வேண்டியவரை மருந்துப் பக்கம் நகர்த்த வழியில்லை. ஆறு மாதத்தில், மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேரும் இறந்தனர்.

கன்னியாவுக்குச் சீட்டு மட்டும் போதாது. ஊற்று நீரா, வெறும் சூடா என்று பிரித்தறிய, மற்ற 40 பேருக்கும் அதே சூட்டில் வீட்டுக் கிணற்று நீரை வாளி வாளியாக ஊற்றவேண்டும். அவர்களையும் ஓட்டோவில் கன்னியா வரை கூட்டிப்போய் ஊற்றினால் இன்னும் நல்லது. வெளியே போய்வந்த உற்சாகமும் வலியைக் குறைக்கலாம் அல்லவா? வெந்நீருக்குக் காப்புரிமை கிடைக்காது. மருந்துக் கம்பனி எதுவும் இதற்குச் செலவழிக்காது. பொதுப்பணம் போகவேண்டியது இப்படிப்பட்ட கேள்விகளுக்குத்தான் என்பது என் கட்சி.

அதுவரை அம்மா கன்னியாவுக்குப் போய்வரட்டும். கிளினிக்கில் கொடுத்த குளிசையை மட்டும் நிறுத்தவேண்டாம்.