புழு போன பிறகு தெரியும் ஓட்டை

கத்தரிக்காய் வாங்கும்போது எல்லாரும் ஓட்டையைத்தான் தேடுவோம். ஓட்டை இருந்தால் சொத்தை, இல்லையென்றால் நல்ல காய். ஆனால் நம் கண்ணில் படுகிற அந்த ஓட்டை, புழு வளர்ந்து முடித்து வெளியே வந்த வழி. அது உள்ளே போகும்போது மயிரிழை கனம்தான் இருக்கும். நுழைந்த துளையைத் தன் எச்சத்தாலேயே அடைத்துவிடும். ஓட்டை இல்லாத காயை வெட்டும்போது உள்ளே புழு நெளிவது அதனால்தான்.

தண்டு மற்றும் காய்த்துளைப்பான் என்று வேளாண் துறையினர் சொல்லும் இந்தப் பூச்சிக்குக் கத்தரிதான் உலகம். தாய் அந்துப்பூச்சி இலையிலும் பூவிலும் காம்போரத்திலும் முட்டை வைக்கும். பொரித்த புழு சில மணி நேரத்துக்குள் குருத்துக்குள்ளோ பிஞ்சுக்குள்ளோ புகுந்துவிடும். புகுந்த பிறகு மேலே என்ன மருந்து அடித்தாலும் அதன்மேல் படாது. மருந்து பலிக்க வேண்டுமென்றால் அந்தச் சில மணி நேரத்தில் செடியின் மேல் இருந்தாக வேண்டும். முட்டை எப்போது பொரிக்கும் என்று யார் கண்டார்கள்? அதனால் வாரத்துக்கு இரண்டு முறைகூட மருந்து அடிக்கிறார்கள். காயோ சில நாளுக்கொரு முறை பறித்தாக வேண்டும், விட்டால் முற்றிவிடும். மருந்து அடித்து இத்தனை நாள் கழித்துத்தான் பறிக்கணும் என்று டப்பாவில் எழுதியிருப்பதைக் கடைப்பிடித்துக் கத்தரி விவசாயம் செய்வது மிகவும் கடினம்.

மரபணு மாற்றிய கத்தரிக்காயைப் பற்றிப் பேச இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். நன்மையா தீமையா என்ற கேள்வியை, இன்று நம் தட்டில் இருக்கும் கத்தரிக்காயோடு ஒப்பிட்டுத்தான் கேட்க முடியும். அந்தக் காய் ஒன்றும் நஞ்சில்லாத காய் இல்லை.

மண்ணில் சாதாரணமாக வாழும் ஒரு பாக்டீரியா இருக்கிறது. 1901-இல் ஜப்பானில் பட்டுப்புழுக்கள் கூட்டமாகச் செத்தபோது இஷிவாட்டா என்ற ஆய்வாளர் அதைக் கண்டார். பத்தாண்டு கழித்து ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் மாவில் வளரும் ஓர் அந்துப்பூச்சியின் புழுவிலிருந்து அதையே பிரித்தெடுத்த பெர்லினர், ஊர்ப் பெயரை வைத்து பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்று பெயர் சூட்டினார். சுருக்கமாக பி.டி. இந்த பாக்டீரியா தன் உடலுக்குள் ஒரு புரதத்தைக் கற்கண்டு மாதிரிப் படிகமாகச் சேர்த்து வைக்கும். இலையோடு சேர்த்து அதைப் புழு தின்றால் படிகம் குடலில் கரையும். அந்துப்பூச்சிப் புழுக்களின் குடல் நம் வயிறு போல அமிலம் நிறைந்தது அல்ல, கடும் காரத்தன்மை கொண்டது. அந்தக் காரம்தான் படிகத்தைக் கரைக்கிறது. கரைந்த புரதத்தைப் புழுவின் செரிமான நொதிகளே வெட்டிக் கூர் தீட்டிவிடுகின்றன. கூர் தீட்டிய துண்டு குடல்சுவரில் உள்ள குறிப்பிட்ட சில புரதங்களைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும். பூட்டுக்குச் சாவி போல. ஒட்டிய பிறகு பல துண்டுகள் சேர்ந்து குடல் செல்லில் துளை போடும். செல் ஊதி வெடிக்கும். புழு தின்பதை நிறுத்தி, சில நாளில் சாகும்.

மனிதக் குடலில் அந்தப் பூட்டு இல்லை. நம் வயிற்றில் அமிலமும் நொதியும் சேர்ந்து இந்தப் புரதத்தைப் பருப்பில் இருக்கும் புரதத்தைச் செரிப்பது போலச் செரித்துவிடும். அதற்கு முன்பே அடுப்புச் சூட்டில் அதன் உருவம் குலைந்துவிடும். பி.டி. பாக்டீரியாவையே பொடியாக்கித் தெளிப்பது பல பத்தாண்டுகளாக நடக்கிறது. இயற்கை வேளாண்மையிலும் அதற்கு இடம் உண்டு. ஆனால் தெளித்த பொடி வெயிலில் சிதையும், மழையில் கழுவிப் போகும். காய்க்குள் இருக்கும் புழுவை அது எட்டவும் எட்டாது.

சரி, அந்தப் புரதத்தைச் செடியே தனக்குள் செய்துகொண்டால்?

அதற்கு இன்னொரு பாக்டீரியா உதவியது. அக்ரோபாக்டீரியம் என்று பெயர். செடியின் காயம்பட்ட இடத்தில் புகுந்து, தன் டி.என்.ஏ.-வின் ஒரு துண்டைச் செடியின் செல்லுக்குள் செருகிக் கழலை வளர வைக்கும் கிருமி அது. மனிதன் ஆய்வகம் கட்டுவதற்கு முன்பே இயற்கையில் நடந்துகொண்டிருந்த மரபணு மாற்றம்தான் இது. கழலை உண்டாக்கும் மரபணுக்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நமக்கு வேண்டியதை வைத்தால் பாக்டீரியா அதையும் கொண்டுபோய்ச் சேர்க்கும். 1983-இல் இப்படி முதல் செடிகள் உருவாயின. கத்தரியில் வைத்தது கிரை1ஏசி என்ற பி.டி. மரபணுவை. அது செடியின் எல்லாப் பாகத்திலும் வேலை செய்ய, காலிஃபிளவரைத் தாக்கும் ஒரு வைரஸிலிருந்து எடுத்த சுவிட்சைப் பொருத்தினார்கள். எந்தச் செல்லில் மரபணு ஏறியது என்று அடையாளம் காண, ஆன்டிபயாட்டிக் மருந்தைத் தாங்கும் மரபணுவும் கூடவே போனது. இந்தக் கடைசிச் சங்கதி எனக்குப் பிடிக்கவில்லை. செடியிலிருந்து குடல் பாக்டீரியாவுக்கு அது தாவும் வாய்ப்பு மிகமிகக் குறைவுதான். ஆனாலும் இன்று அது இல்லாமலே செய்ய வழி இருக்கும்போது, உணவுப் பயிரில் அதை விட்டுவைக்கக் காரணம் இல்லை.

இந்தக் கதையில் கோவைக்கும் பங்கு உண்டு. மரபணுவை முதலில் ஏற்றியது மஹிகோ என்ற விதை நிறுவனம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அந்தச் செடியோடு நம் ரகங்களைத் திரும்பத் திரும்ப இனக்கலப்பு செய்து, கோ 2, எம்டியு 1, கேகேஎம் 1, பிஎல்ஆர் 1 ஆகியவற்றுக்குள் மரபணுவைக் கொண்டு வந்தது. இவை வீரிய ஒட்டு விதைகள் அல்ல, சாதாரண ரகங்கள். விவசாயி விதை எடுத்து வைத்துக்கொள்ளலாம். விதைக் கம்பெனியின் பிடியைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் கவனிக்க வேண்டிய வேறுபாடு இது.

2009 அக்டோபரில் மத்திய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு பி.டி. கத்தரிக்குப் பச்சைக்கொடி காட்டியது. அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்களிடம் கருத்துக் கேட்டுவிட்டு, 2010 பிப்ரவரி 9 அன்று காலவரையின்றி நிறுத்தி வைத்தார். பாதுகாப்புச் சோதனைகளைக் கம்பெனியே செய்திருக்கிறது, சார்பற்ற சோதனை போதவில்லை என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. அந்தச் சோதனை விவரங்களே அதற்கு முன்பு சட்டப் போராட்டத்துக்குப் பிறகுதான் பொதுமக்கள் கைக்கு வந்திருந்தன. சாப்பாட்டு விஷயத்தில் விவரத்தை மூடி வைத்தால் சந்தேகம் வளரும், வளர்ந்தது.

பங்களாதேஷ் வேறு முடிவு எடுத்தது. 2013-இல் அனுமதி கொடுத்து, அடுத்த ஆண்டு ஜனவரியில் 20 விவசாயிகளிடம் நாற்று கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் அது ஆயிரக்கணக்கான வயல்களுக்குப் பரவியது. சர்வதேச உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனம் அங்கே செய்த ஒப்பீட்டுச் சோதனையில், பி.டி. பயிரிட்டவர்களுக்கு நல்ல காயின் விளைச்சல் ஏறக்குறைய பாதி கூடியது. மருந்துச் செலவு கணிசமாகக் குறைந்தது. மருந்து குறைவது என்றால் செலவு மட்டுமில்லை. 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில், பருத்திக்கு மருந்து அடித்த இடத்தில் நஞ்சேறி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். முதுகில் தெளிப்பானைச் சுமக்கிற ஆளின் நுரையீரலும் இந்தக் கணக்கில் வர வேண்டும்.

தட்டில் என்ன ஆபத்து? பயந்து ஒதுக்காமல், பூசி மெழுகாமல் பார்க்கலாம். புது மரபணு என்றால் புதுப் புரதம். புதுப் புரதம் சிலருக்கு ஒவ்வாமை தரலாம். இது கற்பனை இல்லை. சோயாவின் சத்தைக் கூட்ட பிரேசில் கொட்டையின் மரபணுவை ஏற்றிப் பார்த்தார்கள். அந்தக் கொட்டை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இந்தச் சோயாவும் ஒத்துக்கொள்ளாது என்று 1996-இல் வெளியான சோதனை காட்டியது. சோயா கடைக்கு வரவே இல்லை. 2000-இல் அமெரிக்காவில், கால்நடைத் தீவனத்துக்கு மட்டும் அனுமதி பெற்ற ஸ்டார்லிங்க் என்ற பி.டி. மக்காச்சோளம் மனிதர் உண்ணும் தின்பண்டத்தில் கலந்திருந்தது தெரிந்தது. உடம்புக்கு முடியாமல் போனதாகச் சொன்னவர்களின் இரத்தத்தைச் சோதித்தபோது, அந்தப் புரதத்தால் ஒவ்வாமை வந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆனால் தீவனத்துக்கென்று ஒதுக்கிய சோளம் சாப்பாட்டுக்குள் வந்துவிட்டதே, அதைச் சின்ன விஷயமாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். களத்துமேட்டிலும் ஆலையிலும் தானியத்துக்கு வேலி கிடையாது. 2016-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் சுமார் 900 ஆய்வுகளைப் பார்த்துவிட்டு, சந்தையில் இருக்கும் மரபணு மாற்றிய உணவு மற்ற உணவைவிட அதிக ஆபத்தானது என்பதற்குச் சான்று இல்லை என்றன. அதை நான் ஏற்கிறேன். சந்தைக்கு வந்துவிட்ட பயிர்களைப் பற்றிய முடிவு அது. நாளை வேறொரு மரபணுவோடு வரும் பயிருக்குச் சோதனையைப் புதிதாகத்தான் தொடங்க வேண்டும்.

இன்னொன்று. இந்தியாவில் விளையும் பருத்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பி.டி. பருத்தி. பருத்திக்கொட்டை எண்ணெய் குஜராத்தில் பலர் வீட்டுச் சமையல் எண்ணெய். பிண்ணாக்கு மாட்டுக்குப் போகிறது. மதுரைத் தெருக்களில் சுக்கும் ஏலக்காயும் மணக்க நாம் குடிக்கும் பருத்திப்பாலும் பருத்திக்கொட்டையை அரைத்துப் பிழிந்ததுதானே. மரபணு மாற்றிய உணவு நம் நாட்டுக்குள் இன்னும் வரவில்லை என்று யாராவது சொன்னால், இதை யோசிக்கச் சொல்லுங்கள்.

எனக்கு உண்மையான கவலை வயலில்தான் இருக்கிறது.

பி.டி. பருத்திக்கு 2002-இல் அனுமதி கிடைத்தது. ஆரம்பத்தில் காய்ப்புழு நன்றாகவே குறைந்தது. 2010-க்குள் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் பி.டி. புரதத்துக்கு அசையாமல் நின்றது. இரண்டு புரதங்கள் கொண்ட அடுத்த தலைமுறை விதையையும் 2015 வாக்கில் அது வென்றுவிட்டது. எப்படி? முன்னே சொன்ன பூட்டு மாறிவிட்டது. குடல்சுவரில் உள்ள அந்தப் புரதத்தின் மரபணுவில் மாற்றம் வந்த புழுக்களிடம் சாவி நுழையவில்லை. ஆயிரமாயிரம் புழுக்களில் ஒன்றிரண்டு அப்படித் தற்செயலாக இருக்கத்தான் செய்யும். மற்றதெல்லாம் செத்தபின் மிஞ்சியவை தங்களுக்குள் சேர்ந்தால், பிறப்பதெல்லாம் அப்படியே பிறக்கும்.

இதைத் தடுக்க ஓர் எளிய வழி ஏற்கெனவே தெரியும். வயலோரத்தில் கொஞ்சம் சாதாரணச் செடியை நட வேண்டும். அங்கே பி.டி. புரதத்துக்கு அடங்கும் புழுக்கள் ஏராளமாகப் பிழைத்து அந்துப்பூச்சியாகும். பி.டி. செடியில் தப்பிய ஒன்றிரண்டு, இந்தக் கூட்டத்தோடுதான் சேர நேரும். பெற்றோர் இருவரிடமிருந்தும் மாறிய மரபணு வந்தால்தான் பிள்ளைப் புழு தப்பும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் செத்துவிடும். எதிர்ப்பு தலையெடுக்காது. இந்தியாவில் விதைப் பையோடு இதற்கென ஒரு சின்னப் பாக்கெட் கொடுத்தார்கள். பெரும்பாலானோர் நடவில்லை. இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரிடம் ஒரு பகுதியைப் புழுவுக்கு விடச் சொன்னால் எப்படி விடுவார்? அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சாதாரண விதையை ஆரம்பத்திலிருந்தே அதே பையில் கலந்து விற்றிருக்கலாம். அமெரிக்காவில் இதே புழுவுக்கு எதிராக ஓரப் பயிரும், பிறகு மலட்டு அந்துப்பூச்சிகளைப் பறக்கவிடுவதும் சேர்ந்து வேலை செய்தன. 2018-இல் அந்தப் புழு அங்கே ஒழிந்ததாக அறிவித்தார்கள். அங்கும் இங்கும் விதையில் இருந்தது அதே பி.டி. தொழில்நுட்பம்தான்.

இளஞ்சிவப்புக் காய்ப்புழு பருத்தியை விட்டால் அதிகம் வேறு எங்கும் போகாது. காய்த்துளைப்பானும் கத்தரியை விட்டு அதிகம் போகாது. அதாவது வயலில் நாம் நடும் சாதாரணக் கத்தரியைத் தவிர வேறு புகலிடம் அதற்கு அநேகமாக இல்லை. பருத்தியில் நடந்தது கத்தரியிலும் நடக்கலாம்.

அப்புறம் மகரந்தம். கத்தரி நம் மண்ணின் பயிர். வேலூர் இலவம்பாடி முள்ளுக்கத்தரி போல ஊருக்கு ஒரு ரகம், ருசிக்கு ஒரு ரகம். வேலியோரம் முளைக்கும் காட்டு உறவுகளில் சிலவற்றோடும் இது ஒட்டும். தேனீ ஒரு வயலிலிருந்து இன்னொன்றுக்குப் போவதை யாரும் தடுக்க முடியாது. நாட்டு ரகங்களின் விதையை, பி.டி. பயிர் பரவும் முன்பே தனியாகச் சேமித்து வைப்பது அவசியம். அது பின்னால் சரிசெய்யக்கூடிய வேலை இல்லை.

2019-இல் அரியானாவின் பதேகாபாத்தில், தடை அமலில் இருக்கும்போதே, ஒரு வயலில் பி.டி. கத்தரி வளர்ந்து நின்றது கண்டுபிடிக்கப்பட்டது. அரசின் பரிசோதனை அதை உறுதி செய்தது. பிறகு செடிகளைப் பிடுங்கி அழித்தார்கள். காகிதத்தில் இல்லாத அந்தப் பயிருக்கு ஓரப் பயிர் நடச் சொல்ல யாரும் இருந்திருக்க முடியாது. அதைத் தின்று தப்பிய புழுக்களை யாரும் எண்ணியிருக்கவும் முடியாது.