மாத்திரையோடு வருமானத்தையும் கேளுங்கள்

எச்ஐவியைக் கட்டுப்படுத்தும் ஏஆர்டி மருந்து எடுப்பவர் தேதி தவறி வந்தால், சிகிச்சை மையத்தில் முதலில் வரும் கேள்வி: "மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா?" பெரும்பாலும் "போடுகிறேன்" என்றுதான் பதில் வரும். திட்டு விழுமோ என்ற பயம் இருக்கும்போது வேறு பதில் எப்படி வரும்? ஆலோசகராக நான் பார்த்தவரை, உள்ளே இருப்பதை வெளியே கொண்டுவருவது இன்னொரு கேள்வி: "போன மாதம் எத்தனை நாள் வேலை கிடைத்தது?"

அதற்கு அப்புறம்தான் மனசு விட்டுப் பேசுவார்கள். தினக்கூலிக்குப் போகிறவர் மையத்துக்கு வந்தால் அன்றைய கூலி போய்விடும். பஸ் செலவு தனி. லீவுக்கு ஒரு பொய்க் காரணமும் தேட வேண்டும். மருந்து இலவசம்தான், ஆனால் அதை வாங்க வருவதற்குச் செலவு இருக்கிறது. நோய் தெரியவரும் முன்பே மாதக்கணக்கில் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, காசநோய் என்று அலைந்து நகையை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கியிருப்பார்கள். சிகிச்சை தொடங்கும் நாளிலேயே அந்த வீடு கடனில்தான் நிற்கிறது.

கட்டட வேலைக்குப் போகும் ஒரு பெண்மணி, மாத்திரைகளைப் புட்டியிலிருந்து எடுத்துத் துணியில் முடிந்து வைத்திருந்தார். புட்டி பைக்குள் கிடந்தால் நடக்கும்போது கலகலவென்று சத்தம் வருமாம், கூட வேலை செய்பவர்கள் "என்ன மாத்திரை?" என்று கேட்பார்களாம். வியர்வை பட்டுச் சில மாத்திரைகள் நிறம் மங்கியிருந்தன. இவருக்கு விழிப்புணர்வு இல்லை என்று குறிப்பு எழுதுவது அநியாயம். வேலை போகக் கூடாது என்று யோசித்துத்தான் அப்படிச் செய்தார். டோலுடெக்ராவிர் என்ற எச்ஐவி மருந்து கலந்த கூட்டு மாத்திரையை நாளுக்கு ஒன்று, தினமும் ஒரே நேரத்தில் போட்டால் போதும். வேலைக்குக் கொண்டுபோக வேண்டியதே இல்லை என்று சொல்லி, நேரத்தை இரவுக்கு மாற்றினோம். பத்து நிமிடப் பேச்சில் தீர்ந்த விஷயம் இது.

இன்னொன்றும் அடிக்கடி பார்க்கிறேன். வெறும் வயிற்றில் மாத்திரை போடக் கூடாது என்று நம்பி, சாப்பாடு இல்லாத அன்று மாத்திரையையும் விட்டுவிடுகிறார்கள். இந்தக் கூட்டு மாத்திரையைச் சாப்பிட்டும் போடலாம், சாப்பிடாமலும் போடலாம். அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சொன்னதோடு அந்த வீட்டின் பசி தீர்ந்துவிடாது.

அதனால்தான் சிகிச்சையும் வாழ்வாதார உதவியும் ஒரே இடத்தில் கைகோக்க வேண்டும் என்கிறேன். கென்யாவில் விக்டோரியா ஏரியை ஒட்டிய பகுதியில் 'ஷாம்பா மைஷா' என்ற திட்டத்தில், எச்ஐவியோடு வாழும் விவசாயிகளுக்குப் பாசன பம்பு வாங்கக் கடனும் விவசாய, நிதிப் பயிற்சியும் கொடுத்தார்கள். 2022-இல் வெளியான ஆய்வு முடிவில் அந்த வீடுகளில் உணவுப் பற்றாக்குறை குறைந்தது, மனச்சோர்வும் குறைந்தது. ஆனால் வைரஸ் கட்டுப்பாட்டில் உதவி பெறாத குழுவோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இதைப் பார்த்து 'பணம் கொடுத்தும் பலனில்லை' என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உடம்பில் வைரஸைக் கட்டுப்படுத்துவது மருந்தின் வேலை. அந்த மனிதர் சாப்பிட்டு, தூங்கி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி வாழ்வதும் நமக்கு ஒரு பலன்தான்.

எப்போது உதவுவது என்பதில் கவனம் தேவை. நோய் எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சிடி4 அணுக்களின் எண்ணிக்கை 200-க்குக் கீழே இருப்பவரைத் தொழில்கடனுக்கு அனுப்பாதீர்கள். முதல் சில மாதங்கள் அவருக்கு ஆபத்தானவை. காசநோய் போன்ற தொற்றுகள் தலைகாட்டும், உடம்பு தேறாது, தவணை மட்டும் ஏறிக்கொண்டே போகும். அந்த நேரத்தில் சாப்பாடு, பயணச் செலவு, பிள்ளைகளின் பள்ளிச் செலவு, இவைதான் உதவி. உடம்பு தேறி, ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று பார்க்கும் ஆறாவது மாத வைரல் லோடு பரிசோதனையும் நல்லபடியாக வந்த பிறகு தொழிலைப் பற்றிப் பேசலாம். அப்போதும் 'ஆளுக்கொரு தையல் மெஷின்' என்று எல்லோருக்கும் ஒன்றையே கொடுக்காமல், முன்பு என்ன வேலை செய்தார், இப்போது உடம்பு எதைத் தாங்கும் என்று கேட்டு முடிவு செய்யுங்கள். மகனையும் மருமகளையும் இழந்து பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டிக்குப் பாரம் தூக்கும் வேலை எதற்கு?

மையமும் தன் பக்கம் கொஞ்சம் வளைந்துகொடுக்க வேண்டும். சிகிச்சையில் உடல்நிலை சீராக இருப்பவர்களுக்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்கான மருந்தை ஒரே தடவையில் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது. பிழைப்புக்கு வெளியூர் போகிறவருக்கு இதைவிடப் பெரிய வாழ்வாதார உதவி இல்லை என்பேன்.

ரகசியம் காப்பதில் மட்டும் சமரசமே கூடாது. 'எச்ஐவி பாதித்தோருக்கான கடன் திட்டம்' என்று பெயர் வைத்தால், அந்த வாசலில் நின்றாலே ஊருக்குத் தெரிந்துவிடும். சேமிப்புக் குழுவில் மற்ற ஏழைக் குடும்பங்களும் இருக்கட்டும். பரிந்துரைச் சீட்டில் நோயின் பெயர் வேண்டாம். சாப்பாட்டுக் கடையோ தையலோ தொடங்குபவரிடம் "வாடிக்கையாளருக்கு ஒட்டுமா?" என்று யாராவது கேட்டால், ஒட்டாது என்று உறுதியாகச் சொல்லுங்கள். சமைத்துப் பரிமாறுவதாலோ தொட்டுப் பழகுவதாலோ எச்ஐவி பரவாது. மருந்தை விடாமல் எடுத்து வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கியவரிடமிருந்து உடலுறவு மூலமும் பரவாது. எச்ஐவியைக் காரணம் காட்டி வேலை மறுக்கக் கூடாது, வேலைக்குச் சேர்க்கும்போது கட்டாயப் பரிசோதனை கூடாது என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2010-இலேயே சொல்லிவிட்டது.

மருத்துவரே கடன் அலுவலராகவும் ஆக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வாழ்வாதார உதவி தரும் அமைப்பில் பெயர் தெரிந்த ஒருவரின் போன் நம்பர் மையத்தில் இருந்தால் போதும். ஆளை அனுப்பிவிட்டு, "போய்ச் சேர்ந்தாரா, என்ன கிடைத்தது?" என்று இரண்டு வாரத்தில் கேட்டுவிடுங்கள். அதேபோல், தொடர்ந்து இரண்டு தவணை கட்டாதவர் என்றால், வசூலுக்கு ஆள் அனுப்பும் முன் அந்த அமைப்பு அவருடைய சம்மதத்தோடு ஆலோசகருக்கு ஒரு போன் போடட்டும். அவர் படுக்கையில் கிடக்கலாம்.