ரோஸ் கார்டு இருந்தும் தண்ணீர் பில் வருகிறதா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் தெரு அக்கா ஒருவர் போன மாதம் தண்ணீர் பில்லைக் கொண்டுவந்து காட்டினார். இரண்டு மாதத்துக்கு 144 ரூபாய் 10 காசு, கீழே பழைய பாக்கி தனியாக. இன்னொரு கையில், பிளாஸ்டிக் உறைக்குள் ரோஸ் நிற ரேஷன் கார்டு. அந்தக் கார்டு இருப்பவர் முன்பே மனு கொடுத்திருந்தால் இந்தப் பணத்தைக் கட்ட வேண்டியதே இல்லை. இத்தனை வருஷம் அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

கேரள வாட்டர் அதாரிட்டி இணைப்பு உள்ள வறுமைக்கோட்டுக் குடும்பங்களுக்கு மாதம் 15,000 லிட்டர் வரை இலவசம். ஆனால் மனு கொடுத்தால்தான். 2023 பிப்ரவரியில் லிட்டருக்கு ஒரு பைசா ஏற்றிய பிறகு, 5,000 லிட்டருக்குள் செலவழிக்கிற வீட்டுக்கே மாதம் 22 ரூபாய் 5 காசாக இருந்தது 72 ரூபாய் 5 காசாகிவிட்டது. சின்னத் தொகைதான், கட்டாமல் விட்டால் குட்டி போடும்.

ஜல் ஜீவன் திட்டத்தில் குழாய் போட்டவர்கள் பலர் தண்ணீரும் இலவசம் என்றே நினைத்துவிட்டார்கள். அந்தத் திட்டம் குழாயோடு சரி, தண்ணீருக்குக் காசு உண்டு.

அடுத்தது கார்டின் நிறம். வறுமைக்கோட்டுக் கார்டுகளான மஞ்சளும் ரோஸும் மட்டும்தான் இதில் சேரும். நீலக் கார்டுக்காரர்களும் ஏழைகள்தான், ரேஷனில் சலுகையும் உண்டு, ஆனால் இங்கே எடுபடாது. அதற்காக ஒருநாள் கூலியை விட்டுவிட்டு அலையாதீர்கள்.

அதிகம் பேர் மாட்டுவது மீட்டரிலும் பாக்கியிலும்தான். மீட்டர் ஓடவில்லை என்றால் 15,000 லிட்டருக்குள்தான் செலவானது என்று காட்ட வழியில்லை, மனு அங்கேயே நிற்கும். பாக்கி இருந்தாலும் அதே கதை. வசதியில்லாததால் சேர்ந்த பாக்கியைக் கட்டிவிட்டு வந்தால்தான் வசதியில்லாதவருக்கான சலுகை என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. என்ன செய்ய, விதி அப்படி. முதலில் மீட்டர் முள் நகர்கிறதா என்று பாருங்கள். அப்புறம் பாக்கியை விசாரியுங்கள். இரண்டையும் முடித்துக்கொண்டு மனுவோடு போனால் ஒரே நடை.

பெயர்ச் சிக்கல் கேரளத் தமிழர்களான நம்மவர்களுக்கே உரியது. பில்லில் 'பழனியம்மாள்', மலையாளக் கார்டில் 'பழனியம்மா'. இனிஷியல் ஒன்றில் முன்னால், இன்னொன்றில் பின்னால். இறந்துபோன மாமனார் பெயரிலேயே ஓடுகிற இணைப்புகளும் ஏராளம். பெயர் மாற்றத்துக்குத் தனி மனு வேண்டும், நாளாகும், அதை மழைக்காலத்திலேயே தொடங்கிவிடுங்கள். கம்ப்யூட்டர் சென்டரில் மனுப் போட்டால், அனுப்புமுன் பில்லில் உள்ள கன்ஸ்யூமர் நம்பரை நீங்களே ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். அக்காவின் முதல் மனு ஓர் எண் தவறியதில் எங்கேயோ போய்விட்டது.

புரியாத மலையாளத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழ்ச் சிறுபான்மைப் பகுதி அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதலாம். பதிலும் தமிழில் கேட்கலாம். கவுண்டரில் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

மனுவுக்குக் கடைசித் தேதியாக வாட்டர் அதாரிட்டி அறிவித்துவந்தது ஜனவரி 31. போன வருஷம் கிடைத்தது, இந்த வருஷமும் தானாகத் தொடரும் என்று இருந்துவிடாதீர்கள். பொங்கலுக்கு முன்பே போய்க் கேளுங்கள்.

15,000 லிட்டர் போதுமா என்றால், ஆளுக்கு நாளுக்கு 55 லிட்டர் வீதம் ஐந்து பேருக்கு மாதம் 8,250தான். தாராளமாகப் போதும். கெடுப்பது ஒழுகும் தொட்டி. எங்கள் பக்கம் தண்ணீர் நேரங்கெட்ட நேரத்தில் வரும். குழாயைத் திறந்துவைத்துத் தூங்கிவிட்டால் விடிய விடிய மீட்டர் ஓடும், அளவு தாண்டினால் கட்டணம் வரும்.

மனு கொடுத்தால் ரசீது வாங்காமல் நகராதீர்கள், ஆன்லைன் என்றால் மனு எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். பதில் இல்லை என்றால் வாட்டர் அதாரிட்டியின் 1916க்குக் கூப்பிட்டு அந்த எண்ணைச் சொல்லுங்கள். அக்காவின் மீட்டர் ஓடுகிறது. பாக்கியைத் தவணையாகக் கட்ட அனுமதி கேட்டு, தமிழிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறோம்.